டிஃபர் ஆகிவிட்டதா? அந்தக் கடிதத்தை இப்போதே எழுத வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரிகளின் எர்லி டிசிஷன் முடிவுகள் வந்துகொண்டிருக்கும் வாரம் இது. இங்கே நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் டிஃபர் என்று வந்திருக்கிறது. இரண்டு அம்மாக்களும் போன் செய்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "போன வருஷம் உங்க பொண்ணுக்கும் இப்படித்தானே ஆச்சு? அந்த லெட்டரை எப்படி எழுதினா? உடனே அனுப்பணும்னு சொல்றாங்களே?"

டிஃபர் செய்த கல்லூரிக்கு 'இன்னமும் சேர விருப்பம்' என்று எழுதுகிற அந்தக் கடிதத்தை உடனே அனுப்ப வேண்டாம். போனில் அவர்களிடம் சொன்னது அதுதான். ஏன் என்று நிதானமாக விளக்க அப்போது முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு கல்லூரிக்கு, இடம் கொடுத்தால் கட்டாயம் வந்து சேர்வேன் என்று ஒப்புக்கொண்டு விண்ணப்பிப்பது. மாணவர், பெற்றோரில் ஒருவர், பள்ளி கவுன்சலர் (கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஆலோசகர்) மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள். டிசம்பர் நடுவில் பதில் வரும். பதில் மூன்று விதம்: இடம் உண்டு, இடம் இல்லை, டிஃபர். டிஃபர் என்றால் உங்கள் விண்ணப்பத்தை ரெகுலர் டிசிஷன் என்கிற வழக்கமான சுற்றின் விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி படிப்பார்கள், மார்ச் கடைசியில் பதில் சொல்வார்கள். டிஃபர் என்று வந்த அந்த நொடியிலேயே கட்டாயம் சேர வேண்டும் என்ற ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பிள்ளை இனி எங்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "ஏம்மா, பாஸா பெயிலா, அதை மட்டும் சொல்லு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் எல்லாம் கட் ஆஃப், ரேங்க், கவுன்சலிங் என்று வளர்ந்தவர்கள். மதிப்பெண்ணைப் பார்த்தால் எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று ஓரளவு தெரிந்துவிடும். இங்கே மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்தவை எல்லாவற்றையும் வைத்து ஒரு வகுப்பையே சேர்த்துக் கட்டுகிறார்கள். டிசம்பரில் அந்த வகுப்பில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். மீதியைப் பார்த்துவிட்டு உன்னைப் பற்றிச் சொல்கிறோம் என்கிறார்கள். பிள்ளையின் எந்தக் குறையால் இப்படி ஆனது என்று தேடினால் பதில் கிடைக்காது, தூக்கம்தான் போகும்.

போன வருடம் முடிவு வந்த அன்று மகள் சாயங்காலம் ஏழு மணிக்குத் தன் அறையில் தனியாகத்தான் கல்லூரியின் போர்டலைத் திறந்தாள். நாங்கள் யாரும் கூட இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து கீழே வந்து, "நோவும் இல்ல, யெஸ்ஸும் இல்லம்மா. திரும்பக் காத்திருக்கணும்" என்றாள். நேராக 'இல்லை' என்று வந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள் என்று தோன்றியது. இதில் எதற்காக அழுவது என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று இரவு நாங்கள் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் காலையிலேயே லேப்டாப்பும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். கன்டின்யூட் இன்ட்ரஸ்ட் லெட்டர் என்பார்களே, உங்கள் கல்லூரியில் சேர இன்னமும் விருப்பமாக இருக்கிறேன் என்று எழுதுகிற கடிதம், அதை எழுதத் தொடங்கியிருந்தாள்.

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஏமாற்றமாக இருந்தது, ஆனாலும் மதிக்கிறேன், உங்கள் கல்லூரிதான் என் கனவு, அந்த நூலகம், அந்த ஆராய்ச்சி வாய்ப்புகள் என்று போனது. நவம்பர் 1-ல் அனுப்பிய கட்டுரையில் சொல்லாத எதுவும் அதில் இல்லை. எப்படி இருக்கும்? இடையில் போனதே ஆறேழு வாரம்தான். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது பாசத்தை மட்டும் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

அப்போதுதான் காலண்டரை எடுத்து மேஜையில் வைத்தோம். மற்ற கல்லூரிகளின் ரெகுலர் டிசிஷன் கடைசி நாள் ஜனவரி 1 முதல் ஜனவரி 5, சிலவற்றுக்கு ஜனவரி 15. டிஃபர் ஆன கல்லூரியோ ஜனவரி கடைசிக்கு முன்னால் அந்தக் கோப்பைத் திறக்கப்போவதில்லை. முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை மிட் இயர் ரிப்போர்ட் என்று கவுன்சலர் அனுப்புவார், அது வந்த பிறகுதான் மறுபடி படிப்பதற்கு அர்த்தமே இருக்கிறது. அப்படியிருக்க, கையில் இருக்கும் இரண்டு வாரத்தை யாருக்குக் கொடுப்பது? காத்திருக்கச் சொன்ன கல்லூரிக்கா, இன்னும் விண்ணப்பமே போகாத கல்லூரிகளுக்கா?

நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், டிசம்பர் விடுமுறை முழுக்க மற்ற கல்லூரிகளுக்குத்தான். டிஃபர் ஆன பிள்ளைகள் பலர் அந்த நாட்களில் உடலால் இங்கேயும் மனதால் அந்த ஒரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளை டிசம்பர் 30, 31-ல் கடமைக்கு எழுதி அனுப்புகிறார்கள். ஒரு கல்லூரிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி இன்னொன்றுக்கு அனுப்பினால் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது. பிறகு மார்ச்சில் வரிசையாக ஏமாற்றம். முதல் ஏமாற்றம் கல்லூரி கொடுத்தது. அடுத்தடுத்து வருவதைத் தடுக்க நம்மால் முடிந்தது இந்த இரண்டு வாரம் மட்டும்தான்.

எவையெல்லாம் இன்னும் திறந்திருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் மூடிவிடும், டிஃபர் ஆன பிறகு அந்தப் பக்கம் போக முடியாது. பல மாநிலப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான். நல்லவேளையாக எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு நவம்பர் 1-லேயே எர்லி ஆக்ஷனில் போட்டிருந்தாள். எர்லி டிசிஷன் போட்டவர்கள் கட்டாயமில்லாத எர்லி ஆக்ஷனில் வேறு இடங்களுக்கும் போடுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. முதல் கல்லூரி எடுத்துக்கொண்டால் மற்றவற்றைத் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடமாவது நவம்பரிலேயே போயிருந்தால் டிசம்பரில் மூச்சு விட முடியும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் வந்தது. எர்லி டிசிஷன் 2 என்று ஒன்று இருக்கிறது. வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உண்டு. ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பம், பிப்ரவரி நடுவில் பதில். இதுவும் கட்டாய ஒப்பந்தம்தான். முதல் ஒப்பந்தம் டிஃபரோடு முடிந்துவிட்டதால் இன்னொரு கல்லூரியோடு இதைச் செய்துகொள்ளலாம். என் கணவர் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: பிப்ரவரியிலேயே முடிந்துவிடும், பிள்ளை மார்ச் வரை வாட வேண்டாம், எர்லியில் போட்டால் வாய்ப்பும் கூடுதல். எனக்குப் பணம்தான் முதல் கவலையாக இருந்தது. எர்லி டிசிஷனில் ஒரே ஒரு உதவித்தொகைக் கடிதம்தான் கையில் வரும். போதாது என்றால் விலக வழி உண்டு, ஆனால் இன்னொரு கல்லூரி எவ்வளவு கொடுத்திருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. 2011-லிருந்து, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் தன் தளத்தில் வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதில் நம் வருமானத்தைப் போட்டுப் பார்த்தால் தோராயமாகத் தெரியும். பார்த்தோம், கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வித்தியாசம் இருந்தது.

கடைசியில் முடிவெடுத்தது மகள்தான். "பிப்ரவரில கிடைச்சா முதல் காலேஜ்ல இருந்தும் பேரை எடுத்துடணும் இல்ல? மார்ச்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியாமலே போயிடும். எனக்கு அது வேண்டாம்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறு பிள்ளைக்கு வேறு பதில் சரியாக இருக்கலாம். இரண்டாவதாக ஒரு கல்லூரியை உண்மையாகவே மனதுக்குப் பிடித்திருந்தால், செலவும் தாங்கும் என்றால், தாராளமாகப் போடுங்கள். பயத்தில் மட்டும் போட வேண்டாம்.

என் கணவர் அந்த வாரம் இரவெல்லாம் புள்ளிவிவரம் தேடினார். டிஃபர் ஆனவர்களில் எத்தனை பேருக்குப் பிறகு இடம் கிடைக்கிறது என்று பார்க்க ஆசை. கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடும் காமன் டேட்டா செட்டில் எர்லி டிசிஷனுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று இருக்கிறது. வெயிட்லிஸ்ட் கணக்குக்கும் இடம் இருக்கிறது. டிஃபர் ஆனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. சில கல்லூரிகள் தாமாகச் சொல்லும், பல சொல்லாது. அதிலும் சில இடங்களில் எர்லியில் எடுக்காதவர்களில் பெரும்பாலானோரை டிஃபர் செய்கிறார்கள், சில இடங்களில் மிகச் சிலரை மட்டும். நம் கல்லூரி எந்த வகை என்று பள்ளி கவுன்சலருக்கு ஓரளவு தெரியும். எங்களுக்குக் கவுன்சலர் நேராகவே சொன்னார்: உங்கள் கல்லூரி நிறையப் பேரை டிஃபர் செய்கிறது, நம்பிக்கை வைக்கலாம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அந்தப் பெண்மணிக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

மகளுக்கு மற்ற கல்லூரிகளுக்கான 'ஏன் எங்கள் கல்லூரி' கட்டுரைகள்தான் சிரமமாக இருந்தன. ஒரு இடத்தை நினைத்துக்கொண்டே இன்னொரு இடத்துக்கு ஆசையாக எழுத வரவில்லை. கல்லூரிகளின் விளம்பரப் பக்கங்களைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பாடப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். அவளுக்குத் தண்ணீரில் ஆர்வம். எங்கள் டவுனில் ராரிட்டன் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு ஓடை இருக்கிறது, பத்தாம் வகுப்பிலிருந்து அதில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறாள். பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரியின் பாடப் பட்டியலில் முதல் வருட மாணவர்களை ஓடைக்குக் கூட்டிப்போகும் வகுப்பு ஒன்று இருந்தது. வாரத்தில் ஒரு மதியம் முழுக்கத் தண்ணீரில்தான். அதைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கட்டுரையை ஒரே காலையில் எழுதிவிட்டாள். யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஜனவரி வந்தது. அந்தக் கடிதத்துக்கான விஷயமும் ஜனவரியில்தான் வந்தது.

இங்கே பனி பெய்யும் என்று தெரிந்தாலே லாரிகள் சாலையில் உப்பு கொட்டிவிட்டுப் போகும். பனி உருகும்போது அந்த உப்பு முழுக்க ஓடைக்குத்தான் போகிறது. தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு எளிதாக மின்சாரம் அதில் பாயும், அதை அளக்கக் கையில் பிடிக்கிற மீட்டர் இருக்கிறது. நவம்பரில் அந்த ஓடையில் மீட்டர் காட்டிய அளவு 400 மைக்ரோசீமென்ஸ் சுற்றி இருந்தது. ஜனவரியில் முதல் பெரிய பனி உருகிய மறுநாள் 1,500-ஐத் தாண்டியது. நான்தான் காரில் கூட்டிப்போயிருந்தேன். விரல் மரத்துப்போன கையோடு மறுபடி மறுபடி மீட்டரைக் கழுவிக் கழுவி அளந்தாள், தப்பாக இருக்குமோ என்று. தப்பில்லை. அந்த அளவுகளை எங்கள் டவுன்ஷிப்பின் என்விரான்மென்டல் கமிஷன் கூட்டத்தில் காட்ட அனுமதி கேட்டு எழுதினாள், வரச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் பேசினாள். எந்தத் தெருவின் வடிகால் ஓடைக்குள் விழுகிறது என்று ஒரு உறுப்பினர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி தொடக்கத்தில் எழுதிய கடிதம் இதைப் பற்றித்தான். ஒரே பக்கம். முதல் பத்தியில் இன்னமும் நீங்கள்தான் என் முதல் விருப்பம், இடம் கொடுத்தால் வருவேன் என்று இரண்டு வரி. அது உண்மை என்பதால் எழுதினாள். உண்மையில்லை என்றால் அந்த வரியை எழுதவே கூடாது. அடுத்து ஓடை, இரண்டு எண்கள், கமிஷன் கூட்டம். உப்பில் இருக்கும் குளோரைடுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. வைத்திருக்கும் லிட்டருக்கு 230 மில்லிகிராம் வரம்பைப் பற்றியும் ஒரு பத்தி முதலில் இருந்தது, இது ஆய்வறிக்கை இல்லை என்று அவளே எடுத்துவிட்டாள். கடைசியில் முதல் செமஸ்டர் மதிப்பெண், இரு மொழிகளில் தேர்ச்சிக்குக் கொடுக்கும் பைலிட்டரசி முத்திரைக்கான தமிழ்த் தேர்வில் தேறியது. ஏமாற்றம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. டிசம்பரில் எழுதியதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆள் எழுதியது போல இருக்கும்.

அனுப்புவதற்கு முன் டிஃபர் கடிதத்தையும் போர்டலையும் வரி விடாமல் படியுங்கள். சில கல்லூரிகள் தனிப் படிவம் வைத்திருக்கும், எம்.ஐ.டி. பிப்ரவரியில் புது விவரங்களுக்கென்றே ஒரு படிவம் கேட்கும். சில இடங்களில் மதிப்பெண் தவிர வேறெதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருக்கும். வேண்டாம் என்றால் அனுப்பக் கூடாது. தெரிந்தவர், பழைய மாணவர், பெரிய மனிதர் என்று நாலு பேரைப் பிடித்துக் கூடுதல் பரிந்துரைக் கடிதம் அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதனால் பிள்ளைக்கு நன்மை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க்காரர்கள் விஷயம். பொங்கல் விழாவில் பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள், அக்கறையில்தான் கேட்பார்கள். அதே கல்லூரியில் அவள் வகுப்புப் பையனுக்கு இடம் கிடைத்திருந்தது, அவன் வீட்டாரும் வந்திருந்தார்கள். மகள் எங்களிடம் முன்பே ஒன்று கேட்டுக்கொண்டாள்: டிஃபர் என்ற வார்த்தையை யாரிடமும் சொல்ல வேண்டாம், "மார்ச்சில்தான் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள் என்று. தம்பியிடமும் சொல்லிவைத்தாள். நாங்கள் அப்படியே செய்தோம். அது அவளுடைய செய்தி, யாரிடம் சொல்வது என்பதும் அவள் விருப்பம். அந்தப் பையனிடம் போய் அவளே வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லவும் செய்தேன்.

மார்ச் கடைசியில் அந்தக் கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அவள் நன்றாகவே இருந்திருப்பாள், அந்த வருத்தம் எனக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் கையில் ரட்கர்ஸ் இருந்தது, பென்சில்வேனியாக் கல்லூரி இருந்தது, இன்னும் ஓரிரண்டு இருந்தன. உதவித்தொகைக் கடிதங்களை மேஜையில் பரப்பி ஏப்ரல் முழுக்க ஒப்பிட முடிந்தது. மே 1 வரை அவகாசம் இருக்கிறதே. பென்சில்வேனியாக் கல்லூரி கொடுத்த உதவியைக் கழித்தால் ரட்கர்ஸ் செலவுக்குப் பக்கத்தில் வந்தது. நேரில் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்து அதையே எடுத்தாள். இப்போது அங்கே முதல் வருடம் படிக்கிறாள், அந்த ஓடை வகுப்பிலும் இருக்கிறாள்.

இப்போது டிஃபர் ஆகியிருக்கும் வீடுகளில் இந்த வாரம் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், அதற்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்குள் பிள்ளை கவுன்சலரைப் பார்த்தாக வேண்டும். நீங்கள் போக வேண்டாம், பிள்ளையே போகட்டும். ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் என்று அவர்களுடைய சங்கமே பரிந்துரைக்கிறது, பல பள்ளிகளில் அதைவிட அதிகம். நம் பிள்ளையின் பட்டியல் மாறியது யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். புதிதாகச் சேர்த்த கல்லூரிகளின் பெயர்களைக் கொடுத்து, டிரான்ஸ்கிரிப்டும் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) பரிந்துரைக் கடிதங்களும் ஜனவரி 1-க்கு முன் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். டிஃபர் ஆன கல்லூரிக்கு மிட் இயர் ரிப்போர்ட் போக வேண்டும் என்பதையும் அப்போதே நினைவூட்டிவிடலாம். விடுமுறை தொடங்கிவிட்டால் பள்ளியில் போன் எடுக்கக்கூட ஆள் இருக்காது.